பெயருக்கு ஒரே கட்டம்

பெயருக்கு ஒரே கட்டம் போதும் என்று நான் சொன்னதும் மல்ஹோத்ரா சிரித்தான். அது 1985. டெல்லி ஆர்.கே.புரத்தில் எங்கள் ஆபீஸுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. பழைய புரோகிராம்களை எல்லாம் அதற்காகத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தோம். மல்ஹோத்ரா வெளிநாட்டில் ட்ரெய்னிங் முடித்து வந்தவன். கெட்டிக்காரன்தான். என்னை வாய் நிறைய ‘மேடம்’ என்று கூப்பிட்டுவிட்டு, நான் சொல்வதை மட்டும் காதில் வாங்க மாட்டான். முதல் பெயர், நடுப் பெயர், கடைசிப் பெயர் என்று திரையில் மூன்று கட்டம் போட்டு வைத்திருந்தான். உலகம் பூராவும் இப்படித்தான் மேடம் என்றான்.

உலகம் பூராவும் என்றால் எந்த உலகம் என்று கேட்டேன். மூன்று நாள் சண்டை போட்டு அந்தத் திரையை மாற்ற வைத்தேன். பெயருக்கு ஒரே கட்டம், நீளமாக. அதற்குக் கீழே, ‘உங்களை எப்படிக் கூப்பிட வேண்டும்?’ என்று ஒரு கேள்வி.

எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் அபிப்பிராயங்கள் ஜாஸ்தி. டெலிவிஷன் கலருக்கு மாறியதில் யாருக்கு என்ன லாபம் என்று இன்று வரை எனக்கு விளங்கவில்லை. குமிழைத் திருகினால் ஊர் மாறுகிற பழைய ரேடியோவைப்போல் ஒரு நல்ல சாதனம் இனிமேல் வரப்போவதில்லை என்பேன். ஒரு மிஷின் என்ன கேள்வி கேட்கிறதோ அதற்குத் தகுந்த பதில்தான் அதற்குக் கிடைக்கும், ஆகவே கேள்வியை எழுதுகிறவனுக்குப் பொறுப்பு வேண்டும் என்பேன். யுத்தத்தைப் பற்றியும் அபிப்பிராயம் உண்டு. ஆனால் அதை என்னிடம் யாரும் கேட்பதில்லை.

அந்த ஒரே கட்டத்துக்குக் காரணம் கேட்ட ஆபீஸர்களுக்கு நான் சொன்னது, மதராஸிகளுக்குக் கடைசிப் பெயர் கிடையாது என்பது மட்டும்தான். பூங்கோதையைப் பற்றிச் சொல்லவில்லை. மீட்டிங்கில் சொன்னால் அழுதுவிடுவேன் என்று பயம்.

1971-இல் நாங்கள் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இருந்தோம். கீழ் வீடு எங்களுடையது. இப்போது நினைத்தால் ஏங்க வைக்கிற குளிர் அது. ஞாயிற்றுக்கிழமை என்றால் எல்லா வீட்டுக் கட்டிலும் புல்தரைக்கு வந்துவிடும். ரஜாய்ப் போர்வைகளை வெயிலில் போட்டுவிட்டு, வேர்க்கடலை உரித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக்காரி பின்னுகிற ஸ்வெட்டரின் பின்னலை எட்டிப் பார்த்துத் திருடிக்கொண்டு, உலக விஷயம் அத்தனையும் பேசித் தீர்ப்போம். மலை மந்திர் முருகன் கோவிலை இன்னும் கட்டி முடிக்காத காலம். மேட்டில் கல்லும் மணலும் குவிந்து கிடக்கும். போய்க் கும்பிட்டுவிட்டு வருவோம்.

மேல் வீட்டில் ராமமூர்த்தி இருந்தார். உள்துறையில் செக்‌ஷன் ஆபீஸர், மனைவியை இழந்தவர், பிளாக்கின் வார்டன். யுத்தம் தொடங்கியதும் கையில் ஒரு டார்ச்சும் கழுத்தில் ஒரு விசிலும் வந்துவிட்டன. சாயங்காலம் சைரன் ஊதினால் போதும், படியில் தடதடவென்று இறங்கி ‘பத்தி பந்த் கரோ! பத்தி பந்த்!’ என்று விளக்கை அணைக்கச் சொல்லிச் சுற்றி வருவார். எங்கள் ஜன்னலில் ஒட்டிய கறுப்புக் காகிதத்தில் குண்டூசி நுழையும் ஓட்டை இருந்தாலும் கதவைத் தட்டுவார். அத்தனை தேசபக்தி. ஆனால் சர்க்கார் குவார்ட்டர்ஸில் உள்வாடகை விடக்கூடாது என்று ஒரு சட்டம் இருக்கிறதே, அந்த இடத்தில் மட்டும் தேசபக்தி கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ளும். பின்பக்க அறையை அவர் வாடகைக்கு விட்டிருந்தார். அதில்தான் பூங்கோதை இருந்தாள்.

சிவகங்கைப் பக்கத்துப் பெண். லக்ஷ்மிபாய் நகர் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். என்னைவிட ஒன்றிரண்டு வயதுதான் இளையவள், ஆனாலும் நான் அவளுக்கு ‘மாமி’. அவள் புருஷன் ராணுவத்தில் கேப்டன். கதவில் சின்னப் பெயர்ப் பலகை இருக்கும்: கேப்டன் கே. மாணிக்கவாசகம். லீவில் வரும்போதெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்து என் புருஷனோடு ரேடியோ பற்றி மணிக்கணக்காகச் சண்டை போடுவார். வால்வ் ரேடியோவின் குரலில் இருக்கும் கனம் டிரான்சிஸ்டரில் வராது என்பது இவர் கட்சி. “பங்கருக்குள்ள ஒங்க வால்வ் பொட்டியத் தூக்கிட்டுப் போக முடியுமா சார்?” என்பது அவர் கட்சி. கடைசியில் மிலிட்டரி கான்டீனில் தோல் உறை போட்ட ஒரு டிரான்சிஸ்டரை வாங்கிக்கொண்டு வந்து, இவர் கையில் திணித்துவிட்டு எல்லைக்குப் போனார்.

என் புருஷன் பெயர் சேஷன். இங்கே எழுதிவிட்டேனே தவிர, வாயால் சொன்னது கிடையாது. நானோ கணிதத்தில் எம்.எஸ்ஸி., நாட்டில் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்தவர்களே சொற்பமாக இருந்த காலத்தில் அதற்குப் புரோகிராம் எழுதிய பெண்மணி. வீட்டில் ‘ஏன்னா’தான். புருஷனை ‘அவுக’ என்பதற்கு மேல் சொல்லாத பூங்கோதையைக் கேலி செய்ய எனக்கு வாயில்லை.

யுத்தத்தின் முதல் வாரத்திலேயே அவளுக்குத் தந்தி வந்தது. மேற்கு எல்லையில் ஒரு சண்டைக்குப் பிறகு கேப்டனைக் காணவில்லை என்று. இறந்தார் என்றும் இல்லை, இருக்கிறார் என்றும் இல்லை. நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது அவள் அழவில்லை. தந்தியை மடித்து முருகன் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, மறுநாள் பிள்ளைகளுக்குத் திருத்த வேண்டிய நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவளிடம் ஒரு கட்டுப்பாடு வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை ஊசி நூல் தொடமாட்டாள். விளக்கு வைத்த பிறகு தலை வார மாட்டாள். வாசலில் நின்று யாரையும் திரும்பக் கூப்பிட மாட்டாள். எந்த முறையிலும் தன் பக்கம் பிசகு வராமல் பார்த்துக்கொண்டால் அவர் பத்திரமாக இருப்பார் என்று நினைத்தாளோ என்னவோ. இந்த மாதிரி நம்பிக்கைகளை நான் வழக்கமாக வாதம் பண்ணி உடைத்துவிடுவேன். அப்போது வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

தாங்கள் பிடித்து வைத்திருக்கும் நம் சிப்பாய்களின் பெயர்களை எல்லைக்கு அந்தப் பக்கத்து ரேடியோ சாயங்காலம் படிக்கிறது என்ற செய்தி எப்படியோ பரவியது. டெல்லியில் அந்த ஸ்டேஷன் பிரமாதமாகக் கேட்கும். குமிழை ஒரு நூல் நகர்த்தினால் போதும். ஆனால் எதிரி ரேடியோ கேட்பது என்றால் எல்லோருக்கும் உதறல்.

“அது பூரா பொய்ம்மா. நம்ம ஜனங்க மனசைக் குலைக்கறதுக்குன்னே பேசறான். இந்தப் பிளாக்கில எவனாவது அதைக் கேக்கறான்னு தெரிஞ்சா நானே ரிப்போர்ட் பண்ணுவேன்” என்று ராமமூர்த்தி புல்தரையில் நின்று அறிவித்தார். அவர் வீட்டில் அலமாரி அளவுக்கு ஒரு வால்வ் ரேடியோ உண்டு. அதன் முள் ஆகாசவாணியை விட்டு இப்படி அப்படி நகர்ந்ததில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே பூங்கோதை எங்கள் வீட்டுப் பின்கதவைத் தட்டினாள்.

“மாமி, சார் கிட்ட ஒண்ணு கேக்கணும். அவுக வாங்கிக் குடுத்த ரேடியோவுல...” என்று இழுத்தாள்.

அவள் முடிப்பதற்குள் இவர் டிரான்சிஸ்டரை எடுத்துவிட்டார். அதன் தோல் உறையில் ஒரு சின்னப் பை. அதற்குள் சுருட்டி வைத்த காது குழாய். அதைச் செருகினால் வெளியே சத்தமே வராது, ஒருத்தர் காதில் மட்டும் கேட்கும். அதைக் கண்டுபிடித்தவன் மேல் எனக்கு அன்றும் கோபம், இன்றும் கோபம். பத்துப் பேர் சேர்ந்து கேட்பதற்கென்று பிறந்த சாதனத்தை ஒற்றை ஆளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டான். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் எங்களுக்கு வேறு வழியில்லை.

பூங்கோதை காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாங்கள் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் பாட்டு, பிறகு ஒரு ஆள் ஏதோ சொல்லிச் சிரித்தானாம். நம் பக்கத்தை ஏளனம் செய்யும் சிரிப்பு. குழாயைப் பிடுங்கி இவரிடம் கொடுத்துவிட்டாள்.

“என்னால முடியல சார். நீங்களே கேளுங்க. வந்தா மட்டும் சொல்லுங்க.”

“மாணிக்கவாசகம்னு வந்தா ஓடி வந்து சொல்லணும், புரிஞ்சுதா?” என்று நானும் இவரிடம் அழுத்திச் சொன்னேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தினமும் அதே காட்சி. இருட்டின அறையில் இவர் ரஜாயைப் போர்த்திக்கொண்டு, ஒரு காதைப் பொத்தி, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் சமையலறையில் சத்தம் இல்லாமல் சப்பாத்தி இடுவேன். வெளியே ராமமூர்த்தியின் விசில். படித்து முடித்ததும் இவர் குழாயை எடுத்துவிட்டுத் தலையை ஆட்டுவார். நான் பின்கட்டுக்குப் போய் மேலே பார்ப்பேன். பூங்கோதை கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நானும் தலையை ஆட்டுவேன். அவள் உள்ளே போய்விடுவாள்.

யுத்தம் முடிந்தது. நாம் ஜெயித்தோம். ஜன்னல் காகிதங்களைக் கிழித்துப்போட்டு, மார்க்கெட்டில் பட்டாசு வெடித்து, தெரு பூராவும் ஜிலேபி. எனக்கும் சந்தோஷம்தான், இல்லை என்று சொன்னால் பொய். ராமமூர்த்திக்குத் தலை கால் புரியவில்லை. புல்தரையில் எல்லோரையும் நிறுத்திவைத்துப் பேசினார்.

“அவன் சிப்பாய் தொண்ணூறாயிரம் பேர் நம்ம கையில இருக்கான்! ஒருத்தனையும் விடப்படாது. வருஷக்கணக்கா உட்காரட்டும். அப்பத்தான் புத்தி வரும்.”

பூங்கோதை கையில் ஜிலேபித் தட்டோடு நின்றிருந்தாள். மெதுவாகத்தான் கேட்டாள்: “அவங்க வீட்டுலயும் யாராச்சும் ரேடியோவைக் கேட்டுக்கிட்டு இருப்பாங்கல்ல சார்?”

எல்லோரும் ஜிலேபியைப் பார்த்தோம். யுத்தத்தைப் பற்றி எனக்கு இருக்கும் அபிப்பிராயம் அதுதான், அவள் சொன்னது. அதற்கு மேல் அழகாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

அடுத்த வாரம் ஆபீஸில் ஒன்று நடந்தது. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் ஒரு ஹால் முழுக்க உட்கார்ந்திருக்கும். அதற்குக் குளிர்ச்சி வேண்டும் என்பதால் டிசம்பரிலும் ஏசி ஓடும். நாங்கள் சால்வைக்குள் சுருண்டுகொண்டு அட்டையில் துளை போட்டு புரோகிராம் கொடுப்போம். என்னுடைய அட்டைக் கட்டை எடுத்துக்கொள்ளும்படி ஆபரேட்டர் கூப்பிட்டான். “சேஷன் ஜி! அரே சேஷன் ஜி!” என்று நாலைந்து தடவை கத்தினான். நான் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன். என் பெயர் வைதேஹி அல்லவா? கடைசியில் பக்கத்தில் வந்து நின்று, “மேடம், காது கேட்கவில்லையா?” என்றான்.

அது புதிதில்லை. வெளிநாட்டுக்காரன் எழுதிய அந்தப் புரோகிராமுக்குக் குடும்பப் பெயர் இல்லாமல் சோறு இறங்காது. வைதேஹி சேஷன் என்று எழுதிக் கொடுத்தால் கடைசியில் இருப்பதைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். எங்கள் ஆபீஸில் தெற்கத்திக்காரர்கள் எல்லோரும் அந்த மிஷினுக்கு அப்பா பெயரிலோ புருஷன் பெயரிலோதான் நடமாடினோம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். அன்றும் சிரித்துக்கொண்டேதான் அட்டைக் கட்டை வாங்கினேன். வாங்கின கை அப்படியே நின்றுவிட்டது.

பெயர்ப் பலகையில் கேப்டன் கே. மாணிக்கவாசகம். அந்த கே என்ன?

ஆபீஸ் விட்டதும் விடாததுமாக பஸ்ஸுக்கு ஓடினேன். வீட்டில் இவர் அப்போதுதான் வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“ஏன்னா, இத்தனை நாள் கேட்டேளே, மதராஸிப் பேர் ஒண்ணுகூட வரலையா?”

“வந்துதே. ரெண்டு மூணு வந்தது. ஒரு நாயர். இன்னொருத்தன் ஏதோ ராவ். அப்புறம் கருப்பஸ்வாமின்னு ஒருத்தன். அவன்கூட கேப்டன்தான்.”

“ஏன் சொல்லலை?”

“நீதானே மாணிக்கவாசகம்னு வந்தா சொல்லுன்னே? வரலை. சொல்லலை.”

கொடுத்த உத்தரவை எழுத்துக்கு எழுத்து செய்துவிட்டு, அதற்கு மேல் ஒரு அடி யோசிக்காத மிஷின் ஆபீஸில் ஒன்று இருக்கிறது என்று நினைத்திருந்தேன். வீட்டிலும் ஒன்றுக்குக் கழுத்தை நீட்டியிருக்கிறேன். திட்டுவதற்குக்கூட நேரமில்லை. படியேறி ஓடினேன்.

பூங்கோதை ஸ்டவ்வில் பால் வைத்திருந்தாள். அவளைப் பார்த்ததும் எனக்கு ஒரு பயம் வந்தது. நானாக இந்தப் பெயரைச் சொல்லக்கூடாது. சொன்னால், கிடைத்த கொழுகொம்பை விடக்கூடாது என்று ஆமாம் போட்டுவிடுவாள். பெயர் அவள் வாயிலிருந்து வர வேண்டும். அது வேறாக இருந்தால் நான் பேசாமல் இறங்கிப் போய்விடுவேன், அவளுக்கு ஒன்றுமே தெரிய வேண்டாம்.

“பூங்கோதை, உன் மாமனார் பேர் என்ன?”

“என்னத்துக்கு மாமி?”

“சொல்லேன்.”

“அவுக பேரை நான் எப்படி மாமி சொல்லுவேன்?” என்று சிரித்தாள். பல நாட்களுக்குப் பிறகு சிரித்தாள், அதுவும் என் அசட்டுத்தனத்துக்காக.

“அப்போ எழுதிக் காட்டு.” மேஜையிலிருந்த பென்சிலை எடுத்து நீட்டினேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. “வேணாம் மாமி. சொன்னா என்ன, எழுதினா என்ன, ரெண்டும் ஒண்ணுதான். மத்த நேரம்னா எழுதிருவேன். இப்ப எந்த மொறையையும் மீறக்கூடாதுன்னு இருக்கேன்.”

“ஜாடையாவாவது சொல்லு!”

“எங்க ஊரு எல்லையில நிக்கிற சாமி பேரு.”

“எல்லையிலயா? ஐயனாரா?”

“இல்ல, அவருக்குக் காவலு. கையில அருவா வச்சிருப்பாரு.”

“முனீஸ்வரனா?”

“இல்ல மாமி. பெரிய மீசை. சந்தனம் சாத்தி, மாலை போட்டு...”

கும்பகோணத்துக் கோவில்களை வரிசையாக ஒப்பிப்பேன் நான். அருவாள் வைத்த சாமிகளில் எனக்கு என்ன தெரியும்? விடை என் நாக்கு நுனியில் நிற்கிறது, அதை நான் சொல்லக்கூடாது. அவளுக்குத் தெரியும், அவள் சொல்ல மாட்டாள். பால் பொங்கி ஸ்டவ்வில் வழிந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது.

“இங்கே பார். ரேடியோல ஒரு பேர் படிச்சிருக்கா. மாணிக்கவாசகம் இல்லை. அவா நம்ம பேரைத் தலைகீழா எழுதிக்கறவா, அப்பா பேரைப் படிச்சிருக்கலாம். படிச்ச பேர் எது, உன் மாமனார் பேர் எது, ரெண்டும் ஒண்ணுதானான்னு எனக்குத் தெரியணும். நான் சொல்லமாட்டேன். நீதான் சொல்லணும்.”

அவள் ஸ்டவ்வை அணைத்தாள். தாலியைக் கையில் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். முருகன் படம் இருந்த பக்கம் திரும்பி, “மாமா, தப்பா நெனைக்காதீக” என்றாள். பிறகு என்னை நேராகப் பார்த்து, வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வதைப்போல் தெளிவாகச் சொன்னாள்:

“கருப்பசாமி. எங்க மாமா பேரு கருப்பசாமி.”

அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தேன். அதைப் பார்த்து, கெட்ட செய்தி என்று நினைத்து அவள் முகம் வெளுத்துவிட்டது. “அதேதான்டி, அதேதான்! கேப்டன் கருப்பஸ்வாமி! இருக்கார்!” என்று கத்தினேன். பொங்கின பாலில் காலை வைத்து நாங்கள் இரண்டு பேரும் வழுக்கி விழாதது முருகன் புண்ணியம்.

கத்தின கத்தலில் ராமமூர்த்தி வந்து வாசற்படியில் நின்றிருந்தார். எத்தனை நேரமாக என்று தெரியாது. எந்த ரேடியோ, யார் கேட்டது என்று எல்லாம் புரிந்திருக்கும். ரிப்போர்ட் பண்ணப்போகிறார் என்றே நினைத்தேன். வரட்டும், ஒரு கை பார்த்துவிடுகிறேன் என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். அவர் திரும்பிப் போய்விட்டார்.

மறுநாள் சாயங்காலம் இவர் வழக்கம்போல் காது குழாயைப் பிரித்தார். படித்த பெயர்களைச் சில நாள் கழித்துத் திரும்பவும் படிப்பார்கள், அதை ஒரு தடவை உறுதிப்படுத்திக்கொள்ளலாம் என்று. குழாயைச் செருகக்கூட இல்லை, மேலேயிருந்து இடி இடித்த மாதிரி ஒரு குரல். உருது. ராமமூர்த்தியின் அலமாரி ரேடியோ, முழுச் சத்தத்தில், எல்லா ஜன்னலும் திறந்து. அந்த ஸ்டேஷன்தான். இவர் என்னைப் பார்த்தார். “கனமான குரல், பார்த்தியா? வால்வ்” என்றார்.

பிளாக்கே படிக்கட்டில் கூடிவிட்டது. பஞ்சாபிக்காரி ஸ்வெட்டர் ஊசிகளோடு வந்து நின்றாள். பெங்காலி வீட்டுக்காரர் சோற்றுக் கையோடு வந்தார். ராமமூர்த்தி வெளியே வந்து, யாராவது ஏதாவது கேட்கட்டும் பார்க்கலாம் என்கிற மாதிரி விசிலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். யாரும் கேட்கவில்லை. பூங்கோதை ரேடியோவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அன்று அந்தப் பெயர் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தது. கேப்டன் எம். கருப்பஸ்வாமி என்று அந்த ஆள் திக்கித் திணறிப் படித்ததும் படிக்கட்டில் பெரிய சத்தம். யுத்தம் ஜெயித்த அன்றைக்குக்கூட எங்கள் பிளாக்கில் அவ்வளவு சத்தம் இல்லை. பஞ்சாபிக்காரி பூங்கோதையைக் கட்டிக்கொண்டு முத்தமாகக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகும் ஒரு வருஷம் ஆனது. கைதிகளை எப்போது விடுவது, யார் முதலில் விடுவது என்று இரண்டு நாட்டுப் பெரியவர்களும் பேசிக்கொண்டே இருந்தார்கள். விடவே கூடாது என்ற பேச்சை ராமமூர்த்தி மறந்துபோனார். நேற்றே விட்டிருக்கலாம் என்று புல்தரையில் கத்த ஆரம்பித்தார். பூங்கோதை ராணுவ ஆபீஸுக்கும் செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் நடையாய் நடந்தாள். போன இடமெல்லாம் கருப்பசாமி என்று சொல்ல வேண்டியிருந்தது. முதலில் தாலியைத் தொட்டுக்கொண்டு சொன்னாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு. கடைசியில் பஸ் நம்பரைச் சொல்வதைப்போல் சொல்லிவிட்டுப் போனாள்.

1972 டிசம்பரில் விட்டார்கள். அமிர்தசரஸிலிருந்து ரயில் வருகிறது என்று தகவல் வந்ததும் சிவகங்கையிலிருந்து மாமனார் கிளம்பி வந்துவிட்டார். நெடுநெடுவென்ற பெரியவர், வெற்றிலைச் சிவப்பேறிய மீசை. அவரைப் பார்த்ததும்தான் எனக்கு எல்லைச் சாமி ஜாடை புரிந்தது. ராமமூர்த்தி தன் ஓவர்கோட்டைக் கழற்றி அவருக்கு மாட்டிவிட்டார். மருமகள் ஒரு வருஷமாக அவர் பெயரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஸ்டேஷனில் ஒரே கூட்டம், மாலை, பேண்டு வாத்தியம், பனிமூட்டம். ரயில் வந்து நின்றதும் ஜனங்கள் முட்டி மோதியதால் ஒரு ராணுவ அதிகாரி ஒலிபெருக்கியை எடுத்து, குடும்பங்கள் ஓரமாக நிற்க வேண்டும், அந்தப் பக்கத்தார் கொடுத்த பட்டியலைப் பார்த்து ஒவ்வொருவராகப் பெயரைக் கூப்பிடுவோம் என்றார். கூப்பிடக் கூப்பிட ஒவ்வொரு ஆளாக இறங்கினார்கள். கூட்டத்தில் ஒவ்வொரு மூலையிலும் ஒரு அழுகை வெடித்தது. பூங்கோதை என் கையை இறுக்கின இறுக்கில் வளையல் பதிந்து ரத்தம் கட்டிவிட்டது.

“கேப்டன் கருப்பஸ்வாமி!”

“இருக்கேங்கய்யா!” என்று என் பக்கத்திலிருந்து ஒரு முழக்கம். பெரியவர்தான். வாழ்நாள் பூராவும் தன் பெயரைக் கூப்பிட்டால் பதில் சொல்லிப் பழகியவர். ஓவர்கோட்டுக்குள்ளிருந்து கையை உயர்த்தி நின்றார்.

“ஹாஜிர்!” என்று ஆஜர் சொல்லி ரயிலிலிருந்து அதே நேரத்தில் இன்னொரு குரல். கன்னம் ஒட்டி, தலை மொட்டையாகி, கம்பளியைப் போர்த்திக்கொண்டு படியில் மாணிக்கவாசகம் நின்றார்.

பூங்கோதைக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. “ஒரு பேரைக் கூப்பிட்டா ரெண்டு பேரு வர்றாக மாமி” என்று என் கையை உதறிவிட்டு ஓடினாள். நாங்கள் பின்னால் ஓடினோம். ராமமூர்த்தி கூட்டத்தை விலக்க விசில் ஊதிக்கொண்டே வந்தார்.

மாணிக்கவாசகம் அப்பாவின் காலைத் தொட்டுவிட்டு நிமிர்ந்தார். நடந்ததைச் சொன்னார்.

“என் பேரு அவங்க வாயில நொழையலப்பா. குடும்பப் பேரு என்னன்னாங்க. அப்படி ஒண்ணு எங்களுக்குக் கெடயாதுன்னேன். அப்ப அப்பா பேரைச் சொல்லுன்னாங்க. மொத நாள் காலையில கேம்ப்புல உங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டதும், உங்களையும் புடிச்சுக் கொண்டாந்துட்டாங்களோன்னு திரும்பிப் பார்த்தேன்.”

பெரியவர் மகனின் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

“அப்ப இந்த ஒரு வருசமும் நான் ஒன்கூடத்தாம்ப்பா இருந்திருக்கேன்” என்றார்.